அச்சம் அகற்றும் அறம்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பது சமண அறம். அபய தானம் என்பது அச்சம் அகற்றுதல். வாயிற்படி இறங்குதற்கும் பிறர் கையை எதிர்நோக்கியிருப்பவர்க்கு, 'விழுந்துவிடுவோமோ' என்பதே பேரச்சம். அதனை நீக்குவதும் அபய தானமே.

இத்தொண்டுக்கு நல்ல சான்று ஜெய்ப்பூர்க் கால். கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினர். அதற்கு முன் கிடைத்த செயற்கைக் கால்கள், காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோரை எண்ணிச் செய்யப்பட்டவை. இந்நாட்டு உழவரோ வெறுங்காலுடன் நடப்பர், குந்தி அமர்வர், சேற்றில் இறங்குவர். அவ்வாழ்க்கையைக் கண்டறிந்து, ரப்பர் கொண்டு அமைத்த காலே இது. பூதலூர் வயல் வரப்பில் நடப்பவர்க்கும் இத்தகைய காலே ஏற்றது. டி. ஆர். மேத்தா 1975இல் தொடங்கிய, பகவான் மகாவீரர் திருப்பெயர் தாங்கிய அமைப்பு இதனை விலையின்றி வழங்கி வருகிறது.

குறை ஒன்றாயின் அதற்குரிய கருவியைத் தேர்தல் எளிது. இரண்டு மூன்று கூடினால் அவ்வாறன்று. பார்வையும் கால் வலுவும் ஒருங்கே இழந்தவர், சக்கரத்தைத் தள்ளும் கையால் வெண்கோலைப் பற்ற இயலாது. பெருமூளை வாதத்தால் கைகளும் வசப்படாத குழந்தைக்கு மூன்று சக்கர வண்டி அளித்தால், அது திண்ணையோரத்தில் துருப்பிடிக்கும். அக்குழந்தைக்கு முதலில் வேண்டுவது கழுத்தையும் முதுகையும் தாங்கும், அளவெடுத்துச் செய்த இருக்கை.

தில்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய ஸ்மார்ட்கேன் என்னும் கருவி வெண்கோலில் பொருத்தப்படுவது. மீயொலி அலைகளால் எதிர்ப்படும் தடையை அறிந்து, கைப்பிடியின் அதிர்வால் உணர்த்துவது. அதிர்வை உணரச் செவி வேண்டுவதில்லை. ஒரு புலன் குறைந்தவிடத்து மற்றொன்றைத் துணைக்கு அழைக்கும் இம்முறையே, பல குறைகள் கூடியவர்க்கு வழிதிறப்பது. இத்தகையோர்க்கென்றே சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு ஒரு தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டது. இதனை அறியாத குடும்பங்களுக்கு அறிவித்தலும் ஒரு சாத்திர தானம்.

ஆதலின், விழா மேடையில் வண்டி வழங்குமுன் பெறுபவரிடம் ஒன்று கேட்டல் வேண்டும்: "தாங்கள் எங்கே செல்ல விரும்புகிறீர்கள்?" அவர் விடைக்கேற்பக் கருவி அமைதல் வேண்டும், பழுதுற்றால் செப்பனிடவும் ஆள் வேண்டும். அவர் விரும்பிய இடம் ஜினாலயமாயின், அதன் வாயிற்படியருகே ஒரு சாய்தளமும் வேண்டும். அஃதின்றேல், அன்புடன் அளித்த நாற்காலியும் அறத்தின் வாசலிலேயே நின்றுவிடும்.