கண்ணுக்குத் தெரியாத பொருளும் கணக்குக் காட்டாத கடவுளும்

(உத்தரமேரூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நான் பத்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமோ பெரிய பட்டம் பெற்றவர்கள் பேச வேண்டியது. ஆனாலும் வாசகசாலைப் புஸ்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் எனக்கு விளங்கிய மட்டில் சொல்லுகிறேன். நான் சொல்லுவதை உங்கள் சொந்த புத்தியில் உரைத்துப் பார்த்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களுக்கு முன் இவ்வூர் பஸ் நிலையத்தருகே ஒரு படித்த நண்பர் என்னை மடக்கினார். "ஐயா, உலகத்திலுள்ள பொருளில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இருட்பொருள் என்று உங்கள் விஞ்ஞானிகளே சொல்லுகிறார்களே! காணாத அதை நம்புகிற நீங்கள், காணாத கடவுளை நம்பினால் என்ன குறைந்துவிடும்?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வி நல்ல கேள்விதான். அதற்குப் பதில்தான் இன்றையப் பேச்சு.

முதலில் இருட்பொருள் என்பது எப்படி வந்தது? ஏதாவது ஒரு ரிஷிக்குக் கனவில் வந்ததா? இல்லை. 1933ஆம் வருஷத்தில் ஸ்விட்ஜர்லாந்துக்காரரான பிரிட்ஸ் ஸ்விக்கி என்பவர், அமெரிக்காவில் இருந்துகொண்டு, கோமா என்னும் நக்ஷத்திர மண்டலக் கூட்டத்தைக் கணக்கிட்டார். அக்கூட்டத்திலுள்ள மண்டலங்கள் ஓடுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரிகிற பொருளின் இழுப்பு போதவே போதாது. கவணில் கல்லை வைத்துச் சுழற்றுகிறோம். வேகம் அதிகமானால் கயிறும் பலமாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுந்து கல் ஓடிவிடும். அங்கே மண்டலங்கள் சிதறி ஓடவில்லை. ஆகவே தெரியாத ஏதோ ஒரு பாரம் இழுத்துப் பிடித்திருக்க வேண்டுமென்றார். அநேகர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகு வேரா ரூபின் என்ற அம்மையார், கென்ட் போர்டு என்பவருடன் சேர்ந்து, ஆண்ட்ரோமீடா மண்டலத்தை அளந்து 1970இல் வெளியிட்டார். ஓரத்திலுள்ள நக்ஷத்திரங்கள் மெதுவாகச் சுற்ற வேண்டியது நியாயம்; அவையோ உள்ளே இருப்பவற்றுக்குச் சளைக்காமல் சுற்றின. தோழர்களே, அந்த அம்மையார் மேல்படிப்புக்கு விரும்பிய பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில், வானசாஸ்திர வகுப்பில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கம் 1975 வரையில் இருந்தது. அறிவுக்குத் தாழ்ப்பாள் போடுவது நம் நாட்டின் தனிச்சொத்து அல்ல என்பதை இதனால் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். கோயமுத்தூரில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர் பிரியம்வதா நடராஜன் அம்மையார். படித்த பெற்றோர் அவருக்குச் சிறுவயதிலேயே ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தார்கள். டெல்லி நேரு கோளரங்கத்தார் கொடுத்த ஊக்கத்தால், டெல்லி வானத்தின் நக்ஷத்திரப் படத்தை அக்கருவியில் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பௌதிகமும் கணிதமும் படித்தார். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரீஸ் என்பவரிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றார். அங்கே டிரினிட்டி கல்லூரியில் வான்பௌதிகத் துறையில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. இன்று ஏல் சர்வகலாசாலையில் பேராசிரியர்.

அவர் செய்த வேலை என்ன? காணாத பொருளுக்குப் படம் வரைவது. அதெப்படி முடியுமென்றால், பாரமுள்ள பொருள் தன் பக்கத்தில் போகிற வெளிச்சத்தை வளைக்கும் என்று 1915இல் ஐன்ஸ்டைன் கணக்குச் சொன்னார். 1919இல் சூரியகிரகணத்தின்போது வெள்ளைக்காரர் தொலைநோக்கியோடு போய் அளந்து, அது சரியென்று கண்டார்கள். கிரகணம் என்றால் ராகு விழுங்குகிறான் என்று தர்ப்பைப் புல்லைத் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தின் வழியே விளக்கைப் பாருங்கள். சுடர் இழுபட்டும் வளைந்தும் தெரியும். எங்கே எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டே கண்ணாடி எங்கே தடிப்பு, எங்கே மெலிசு என்று சொல்லிவிடலாம். அதுபோலவே, தொலைவிலுள்ள மண்டலங்களின் வெளிச்சம் இடையிலுள்ள மண்டலக் கூட்டங்களால் எப்படி வளைகிறது என்று அளந்து, அங்கே காணாத பாரம் எங்கெங்கே எவ்வளவு கிடக்கிறது என்று அந்த அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் கணக்கிட்டுப் படம் வரைந்தார்கள். பொருள் என்று இருப்பதில் ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு இப்படிப்பட்ட இருட்பொருளே என்பது இன்றையக் கணக்கு.

நக்ஷத்திர மண்டலங்கள் உண்டானதும் இதனாலேயே என்கிறார்கள். நம் ஊர் ஏரியைப் பாருங்கள். மழைநீர் எங்கே தேங்குகிறது? பள்ளத்தில். நீர் நிரம்பிய பின் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீர் நிற்கிற இடத்தைக் கொண்டு பள்ளம் எங்கே என்று சொல்லலாம். இருட்பொருள் முதலில் திரண்டு பள்ளமாயிற்று. வாயு அதில் வந்து விழுந்து, குளிர்ந்து, இறுகி நக்ஷத்திரமாயிற்று. இதற்கு விஷ்ணுவின் நாபிக்கமலம் தேவைப்படவில்லை.

இன்னொன்று. ஆதிகாலத்திலேயே பிரம்மாண்டமான கருந்துளைகள் இருந்தனவே, அவ்வளவு சீக்கிரம் அவை எப்படி வளர்ந்தன என்பது பெரிய புதிராயிருந்தது. நக்ஷத்திரமாகாமல் வாயுவே நேராக இடிந்து விழுந்து பெரிய கருந்துளை ஆகலாம் என்று 2006இல் லொடாடோ என்பவரும் இந்த அம்மையாரும் எழுதினார்கள். அப்படியானால் எவ்விதமான அடையாளம் தெரியும் என்பதையும் 2017இல் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் சந்திரா தொலைநோக்கியும் சேர்ந்து யு.எச்.இசட்.1 என்ற மண்டலத்தைப் பார்த்தன. அதன் வெளிச்சம் 1320 கோடி வருஷம் பிரயாணம் செய்து வந்தது. எழுதி வைத்த அடையாளத்துக்கு அது மிகவும் ஒத்திருந்தது. அந்தச் சந்திரா கருவி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் அவர்களின் பெயரைத் தாங்கியது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். காணாத பொருள் என்று விஞ்ஞானிகள் சொன்னது இது முதல் தடவையல்ல. யுரேனஸ் கிரகம் கணக்குத் தப்பி ஓடுகிறதே என்று பார்த்து, வெளியே வேறொரு கிரகம் இருக்க வேண்டுமென்று லெவெரியே சொன்னார். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. அவரே புதன் கிரகத்தின் ஓட்டத்தைப் பார்த்து, உள்ளே வல்கன் என்றொரு கிரகம் உண்டென்றார். தேடித்தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் கணக்கு வந்ததும் வல்கன் வேண்டியதில்லை என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கிரகத்துக்குத் தர்மகர்த்தாவும் இல்லை, உண்டியலும் இல்லை. ஆகவே சுலபமாய்ச் செத்தது. நம் ராகுவும் கேதுவும் இல்லாத கிரகங்களாயிருந்தும் தினம் ஒன்றரை மணி நேரம் நம்மை வேலை செய்யவொட்டாமல் உட்கார வைத்திருக்கின்றன.

இருட்பொருளுக்கும் நாளை வல்கன் கதி வரலாம். அதன் துகளை இதுவரை ஒருவரும் பிடிக்கவில்லை. 2020இல் மெனகெட்டி என்ற இத்தாலியரும் பிரியம்வதா அம்மையாரும் மற்றவர்களும் சேர்ந்து, மண்டலக் கூட்டங்களிலுள்ள சிறு திரள்கள் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கு மேல் வலிமையாக வெளிச்சத்தை வளைக்கின்றன என்று வெளியிட்டார்கள். "நாங்கள் ஆயுள் முழுவதும் உழைத்த கொள்கையில் எங்கோ பிசகு இருக்கலாம்" என்று தாங்களே ஊரறியச் சொல்லுவதுதானே இது! எந்த மடாதிபதியாவது இப்படிச் சொன்னதுண்டா?

இவ்வூர்ச் சோழர் காலத்துக் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் பெருமை பேசுகிறோம். அந்தக் குடவோலை முறையில் பெண்ணுக்கு இடமில்லை. வேதம் படிக்காதவனுக்கு இடமில்லை. நிலமில்லாத உழைப்பாளிக்கும் இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேசுவது யோக்கியமல்ல. ஆனால் அதில் ஒரு நல்ல விதி உண்டு: வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது என்பது. அந்த விதியைத்தான் நான் நண்பருக்குப் பதிலாகச் சொல்லுகிறேன். இருட்பொருள் கணக்குக் காட்டுகிறது, காட்டாவிட்டால் போய்விடும். கடவுளும் ஜாதகமும் எந்தக் காலத்தில் கணக்குக் காட்டின?

கடைசியாக ஒன்று. என் தங்கை பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறினாள். மேலே படித்தால் கலியாணம் தட்டிப்போகும் என்று ஒரு ஜோசியன் சொன்னான். ஜாதகக் கட்டை அவனிடம் எடுத்துக்கொண்டு போனவன் நான். திரும்பி வந்து அவன் சொன்னதை வீட்டில் ஒப்பித்தவனும் நான். இன்று அவள் மகளுக்கு நான் வானத்தைப் பற்றிச் சொல்லும்போது, அவள் அடுப்படியிலிருந்தே காது கொடுத்துக் கேட்கிறாள். அந்தக் கடனை நான் எங்கே தீர்ப்பது?

தாய்மார்களே, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இவ்வருஷமும் எத்தனையோ பெண்கள் பன்னிரண்டாவது தேறியிருக்கிறார்கள். அவர்கள் பிறந்த நேரத்தை ஜோசியனிடம் கேட்காதீர்கள். அவர்கள் என்ன படிக்க விரும்புகிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள். ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். என் வீட்டில் ஜாதகம் கொடுத்தோம். வித்தியாசம் கிரகத்தில் இல்லை, தோழர்களே, நம் கையில் இருந்தது.