டார்செஸ்டர் மடாலயம்: ஊரார்க்கு வந்த உடைமை



இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில், தேம்ஸ் ஆற்றருகே டார்செஸ்டர் என்னும் சிற்றூர் உள்ளது. வெசெக்ஸ் மன்னர் கினிகில்ஸ் 635-இல் ஆயர் பிரினஸிடம் திருமுழுக்குப் பெற்ற ஊர் இதுவே என்பது மரபு.

1140-ஆம் ஆண்டளவில் இங்கே அகஸ்தீனியத் துறவியர் மடம் எழுந்தது. அதன் கோயிற் சாளரங்களுள் ஒன்று காண்போரை வியக்கச் செய்வது. அடியில் தாவீதின் தந்தை ஈசாய் படுத்திருக்க, அவருடலினின்று கல்மரம் கிளைத்தெழுகிறது. கிளைகளில் இயேசுவின் முன்னோர் உருவங்கள் விளங்குகின்றன. இது 14-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் கைவண்ணம்.

1536-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. அந்நாளில் மடக்கோயில்கள் பலவற்றின் கூரை ஈயம் உருக்கப்பட்டது. கற்கள் வீடு கட்டப் போயின. டார்செஸ்டர் கோயிலோ தப்பியது. ரிச்சர்ட் பியூஃபாரஸ்ட் என்னும் செல்வர் 140 பவுன் கொடுத்து அதனை வாங்கினார். 1554-இல் எழுதிய உயிலில் அதனை ஊர்ப் பங்கு மக்களுக்கே விட்டுச் சென்றார். தம் வாரிசுகளின் இசைவின்றிக் கோயிற் பொருள்களை விற்றலோ மாற்றுதலோ கூடாதெனவும் விதித்தார்.

12-ஆம் நூற்றாண்டின் ஈயத் திருமுழுக்குத் தொட்டி அங்கே இன்றும் உருகாமல் நிற்கிறது. துறவியர் மறைந்தனர், ஊராரின் வழிபாடு தொடர்கிறது. தமதென்று கருதும் மக்கள் வாய்த்தால், பழஞ்செல்வத்துக்கு அதனினும் பெரிய அரண் வேறில்லை.