மதிநுட்பமுடைய மக்களை மனைக்கண் பயிற்றுதல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கட் கூட்டம் முடிந்து யாம் புறப்படுங்காலை, நம் உறுப்பினர் ஒருவர் எம்மைத் திண்ணையில் இருத்தி ஒரு வினா வினவினார். அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள் உளள். ஐந்தாம் வகுப்பிற் பயிலும் அச்சிறுமி, தன் தமையனுடைய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தானே எடுத்துப் பாதிக்கு மேற் போட்டு முடித்துவிட்டாள். பள்ளியிலோ நாள் முழுதும் வாளா இருந்து வருகின்றாள். “பள்ளியினின்று நிறுத்தி, வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கலாமா, ஐயா?” என்பது அவர் வினா. அன்று விடை கூறாது வந்துவிட்டோம். இன்று கூறப் புகுகின்றோம்.

அவ்வினா எம்மைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. பல்லாண்டுகட்கு முன் எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். யாம் கரும்பலகையிற் கணக்கை எழுதி முடிக்குமுன் அவன் விடை கூறிவிடுவான். ஏனையோர் முடிக்கும் வரை அவன் கை சும்மா இராதிருத்தற்பொருட்டு, முடித்த பாடத்தையே மீண்டும் மூன்று முறை எழுதப் பணித்தோம். அடுத்த ஆண்டில் அவன் விடை தெரிந்தும் கை உயர்த்தாதிருக்கக் கற்றுக்கொண்டான். எம்மிடத்து அவன் கற்ற பாடம் அஃதொன்றே. ஆதலின், பள்ளியே போதும் என்று அத்தந்தையாரிடம் கூற எமக்கு நா எழவில்லை.

சட்டம் யாது கூறுகின்றது என்பதை முதலிற் சுருங்கச் சொல்லிவிடுவோம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்தல் பெற்றோர் கடமை என்கின்றது. சேர்க்காத பெற்றோர்க்குத் தண்டனை ஒன்றும் அதில் வகுக்கப்படவில்லை. வீட்டிற் பயின்ற பிள்ளை பின்னர்ப் பள்ளிக்குத் திரும்பின், வயதிற்கேற்ற வகுப்பிற் சேர்த்துக்கொள்ளவும் அச்சட்டம் இடந்தருகின்றது. 14 வயது நிரம்பியோர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

சான்றிதழைப் பொருட்படுத்தாதவர்களும் உளர். மும்பையில் வீட்டிலேயே பயின்ற பெண் ஒருத்தி கணினிப் போட்டிகளில் மும்முறை உலகப் பதக்கம் பெற்றும், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இன்மையால் நம் நாட்டு ஐ.ஐ.டி.க்களிற் சேர இயலவில்லை. சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள கணிதக் கழகம் அவளுக்கு இடமளித்தது. 2016-இல் அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி. அவளை ஏற்றுக்கொண்டது. எனினும் அஃது ஆயிரத்தில் ஒன்று. அதனை நம்பி நம் பிள்ளையின் சான்றிதழைக் கைவிடல் ஆகாது.

இனி நம் காவிரி நாட்டிற்கு வருவோம். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சார்ந்தவரும் 1855-ஆம் ஆண்டு பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர் அவர்களை அறியாதார் ஈண்டு இலர். அவர் தமிழ்ப் பற்றினை யாவரும் போற்றுகின்றோம். அவர் தந்தையார் வேங்கடசுப்பையரை நினைப்பார் அரியர். தந்தையார் இசைவாணர், இராமாயணக் கதை சொல்லிச் சீவனம் நடத்தியவர். தம் மகன் இசையில் வல்லனாக வேண்டும் என்பதே அவர் வேட்கை. மகன் உள்ளமோ தமிழின்பாற் சென்றது. அதனை அறிந்த அவ்வேழைத் தந்தை செய்தது யாது? தாம் கற்பிக்க இயலாததைத் தாமே கற்பிக்க முயன்றிலர். “இதுவே போதும்” என்று நிறுத்தவும் இலர். தமிழ் கற்பிப்பார் எங்குளரோ அங்கே தம் குடியைக் கொண்டு சென்றார். அரியலூரிற் சடகோபையங்கார், குன்னத்திற் சிதம்பரம் பிள்ளை, கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஊருக்கு ஓர் ஆசிரியராக அப்பிள்ளை பயின்றது. உண்ண இராமாயணக் கதை. உறைய அயலார் மனை. வீடு நிலைபெயர்ந்தது, கல்வி நிலைபெயரவில்லை.

அவ்வாசிரியர்கள் பெருமையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். தம்மிடம் உள்ளது தீர்ந்ததும், மேலோரிடம் செல்லுமாறு வழி விட்டனர். 1871-இல் தந்தையார் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் ஒப்புவித்தார். ஆங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயிலத் தொடங்கிய மகன், பிள்ளையவர்கள் விரும்பாமையின் அதனை விட்டொழித்தார். தந்தையின் வேட்கை அன்றே முடிந்தது. 1880-இல் அம்மகன் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆயினார்.

அதே கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில், மற்றொரு பிள்ளை வளர்ந்தது. கணித மேதை இராமானுஜனை அறியாத சிறுவர் இலர். அவர் வாழ்ந்த வீட்டை இன்றும் காணலாம். அவ்வீட்டில் தங்கிப் பயின்ற கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் அறிந்த கணிதம் முழுதும் கற்றுத் தீர்த்தபோது அவர் சிறுவர். உயர்நிலைப் பள்ளி 1904-இல் அவருக்குப் பரிசளித்து மகிழ்ந்தது. அதன்மேல்? கையிற் கிடைத்தது கார் என்பார் தொகுத்த ஒரு நூல். ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட அந்நூல், அவற்றுட் பெரும்பாலனவற்றிற்கு நிறுவலை விரித்துரைப்பதன்று. எஞ்சியதை அவரே பலகையில் எழுதி அழித்துக் கண்டார். கல்லூரியில் கணிதம் ஒழிந்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1910-இல் திருக்கோவலூரில் இராமசுவாமி ஐயர் அவர் நோட்டுகளைப் பார்த்தார். ஹார்டி கடிதம் கண்டது 1913-இல். அவர் முப்பத்திரண்டு வயதில் இறந்ததை நாம் பெரிதும் வருந்திக் கூறுகின்றோம். ஹார்டியோ, வழிகாட்டியின்றி வீணான இளமையாண்டுகளே பெருந்துயரம் என்று கருதினார்.

இருவரும் வறியரே, இருவர்க்கும் அன்பு நிறைந்த பெற்றோர் உண்டு. வேறுபாடு, உரிய பருவத்தில் ஆசிரியர் கிடைத்தமையும் கிடையாமையுமே. நாற்றைப் பறிக்குமுன் வயலைச் சேறாக்கி வைப்பது நம் குடியானவர் வழக்கம். பறித்த பின் வயல் தேடுவார் இலர். பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்துமுன் ஆசிரியரைத் தேடுக என்று யாம் கூறுவது இது கருதியே.

இனி ஒரு கசப்பான செய்தி. அவ்வன்பர் வினவியபோது, அருகிருந்த முதிய அம்மையார், “பெண்பிள்ளை வீட்டோடு இருப்பது நல்லதுதானே” என்றார். அன்பினாற் கூறியதே, எனினும் யாம் திடுக்கிட்டோம். நம் குடும்பங்களிற் பெண்மக்களை நிறுத்துதற்கு நெடுங்காலம் வழங்கிய சொல் அதுவன்றோ? 1886-இற் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரும் பருவமெய்தியபின் பள்ளி விட்டு வீட்டிலிருந்தவரே. அவர் தந்தையார் நாராயணசாமி ஐயர் ஆங்கே கல்லூரித் தலைவர். மகளை வீட்டிலேயே பயிற்றித் தேர்வுக்கு எழுதவைத்தார். பின்னர் ஆடவர் கல்லூரியின் கதவு அவருக்குத் திறந்தது. 1907-இற் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்து 1912-இற் பட்டம் பெற்றார். அவருக்கு வீடு கல்லூரிக்குச் செல்லும் வழியாயிற்று. ஆண்டுதோறும் எந்தத் தேர்வு, எந்தக் கல்லூரி என்று குறிக்காத வீட்டுக்கல்வியைப் பெண்மகவிற்கு யாம் ஒருபோதும் உடன்படோம்.

தந்தையர்க்கு ஒரு சொல். வீட்டில் வைத்துப் பயிற்றுதல் என்று தீர்மானிப்போர் நீவிர். அடுக்களைக்கும் பாடத்திற்கும் இடையே அலைவோர் தாயர். தாயாரைக் கேளாது இதனைத் தொடங்கற்க. மாலையில் தெருப்பிள்ளைகளோடு ஆடுதலையும் தடுக்கற்க; கணக்கில் தேர்ந்த பிள்ளைக்கும் வயது பத்துத்தான்.

ஆகவே, அன்பரே! இவ்வாண்டு முடியும் வரை பள்ளி இருக்கட்டும். தலைமையாசிரியரைக் கண்டு, கணக்கு வேளையிற் சிறுமி தனக்குரிய நூலைப் படிக்க இசைவு பெறுவோம். வரும் ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்துக் கல்லூரியிற் கணிதம் பயிற்றும் நண்பர் ஒருவரிடம் அவளை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்துள்ளோம். அவர் சொல்வதைக் கேட்டபின் மேலே எண்ணுவோம். அவள் போட்ட கணக்கு நோட்டை மறவாது எடுத்து வருக. தவறிய கணக்குகளை அழிக்காமல் எடுத்து வருக.