விடுமுறையும் ஊடகவியல் தேர்வும்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயில், திருநின்றவூரைக் கடந்ததும் நிற்கும் ஊர் எங்கள் வேப்பம்பட்டு. சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் காலை, எதிர்வீட்டுப் பெண் செய்தித்தாளும் கையுமாக என் திண்ணைக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் வெகுசன ஊடகவியலை விருப்பப் பாடமாகப் படிப்பவள்.

"பரீட்சைக்குப் படிக்காமல் பேப்பர் பார்க்கிறாயே என்று அம்மா கோபித்துக்கொள்கிறார்கள், தாத்தா. இதுவும் படிப்புத்தானே?" என்று கேட்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

எனக்கு என் மாணவப் பருவம் நினைவுக்கு வந்தது. இதழியல் தேர்வுக்காக ஒரு விடுமுறை முழுவதும் குறிப்பேட்டை நான்கு முறை படித்தேன். வரிக்கு வரி சிவப்பு மையால் கோடிட்டேன். தேர்வு மண்டபத்தில், "ஒரே நிகழ்ச்சியை நாளிதழும் வானொலியும் எவ்வாறு வேறு வேறாகத் தரும்?" என்று வினவியிருந்தார்கள். கோடிட்ட இடங்கள் கண்முன் நின்றன. விடை மட்டும் வரவில்லை. அந்த ஆண்டு நான் தேறவில்லை.

ஏன் அவ்வாறு நேர்ந்தது? 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலறிஞர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவரிற் சிலர் ஓர் உரைநடைப் பகுதியைத் திரும்பப் படித்தனர். மற்றவர் அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களில் சோதித்தபோது, திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ அவர்கள் நூற்றுக்கு 42 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 56 பங்கும் நினைவில் வைத்திருந்தனர். படிக்கும்போது தோன்றும் தெளிவு வேறு. நினைவில் நிற்கும் அறிவு வேறு.

ஆதலால் அப்பெண்ணிடம் கூறினேன்: "உன் அம்மா சொல்வதில் பாதி உண்மை உண்டு. பேப்பரைச் சும்மா புரட்டுவது படிப்பாகாது. புத்தகத்தைச் சும்மா புரட்டுவதும் அப்படித்தான். காலையில் ஒரு பாடத்தைப் படி; புத்தகத்தை மூடு; நினைவில் உள்ளதை எழுது. விட்டுப்போனதை மட்டும் திறந்து பார். மறுநாள் வேறு பாடம். இரண்டு மூன்று நாள் இடைவிட்டு, பழைய பாடத்தை மீண்டும் எழுதிப் பார். விடுமுறை நமக்குத் தரும் பெரிய செல்வம் இந்த இடைவெளிதான்."

ஆண்டுகளைத் தனித்தனியே உருப்போட்டால் அவை நழுவிவிடும். காரணம் என்னும் கயிற்றில் கோக்க வேண்டும். 1882-இல் சுதேசமித்திரன் தோன்றியபோது, எழுத்தறிந்தவரே அதை நேரே படிக்க முடிந்தது. 1938-இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியபின், எழுத்தறியாதவர் செவிக்கும் செய்தி எட்டியது. 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தபோது, கண்ணும் அதிற் சேர்ந்துகொண்டது. இவ்வாறு கோத்தால் மூன்று ஆண்டுகளும் ஒரே கதையாகிவிடும்.

பின்பு அவள் கையிலிருந்த செய்தித்தாளைக் காட்டி, "2015 டிசம்பர் வெள்ளத்தில், 1878-இல் தோன்றிய 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2-ஆம் நாள் சென்னையில் அச்சாகவில்லை. ஏன் தெரியுமா?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "அச்சகம் நின்றுவிட்டதா?" என்றாள். "மறைமலை நகரிலிருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர் போய்ச் சேர முடியவில்லை" என்றேன். உடனே அவள், "அப்படியானால் பேப்பருக்குச் சாலை வேண்டும், வானொலிக்கு வேண்டாம். கரண்ட் இல்லாத வீட்டிலும் பேட்டரி ரேடியோ பேசும்!" என்றாள். அன்று நான் எழுதத் தவறிய விடையின் முதல் வரி அது.

மாணவ நண்பர்களே, நாள்தோறும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எதை விட்டுவிட்டார் என்று கேட்டு, பாடத்தோடு பொருத்தி எழுதுங்கள். விடுமுறை முடியுமுன் ஒருநாள் கடிகாரத்தை எதிரில் வைத்து முழு வினாத்தாளுக்கும் விடை எழுதுங்கள். இரவில் நன்றாக உறங்குங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மறுவாரம் எதிர்வீட்டு முற்றத்தில் ஒரு காட்சி கண்டேன். தாயார் முறத்தில் அரிசி புடைத்தபடியே மடியிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்து வினாக் கேட்டார். மகள் குறிப்பைப் பாராமல் விடை சொன்னாள். நடுவில் அந்தச் செய்தித்தாள் விரிந்து கிடந்தது. அதை எடுத்து வை என்று அன்று யாரும் சொல்லவில்லை.