மொட்டைப் பனையில் ஒரு பனங்காடை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பறவைக் கூடுகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் எங்கள் செயற்குழுவிலேயே சிலர் சிரித்தார்கள். "மதில் கட்டுகிற கணக்கைச் சொல்ல வேண்டிய நேரத்தில் குருவிக் கதையா?" என்று கேட்டார்கள். மதில் கணக்கும் இந்தக் கதைக்குள் வரும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

வன்னியில் வளர்ந்த நமக்குப் பறவைகள் புதியவை அல்ல. கிளிநொச்சி என்ற பெயருக்குள் கிளியும் இருக்கிறது, நொச்சியும் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கொக்குத்தொடுவாய் இருக்கிறது. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. கொக்கிளாய்க் கடனீரேரி 1951இல் சரணாலயமானது. இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் தண்ணீர் வற்றத் தொடங்கும் நாட்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடி நிற்பதைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் பாடசாலைக்கு வந்தவர்கள் நாங்கள். ஆனால் பார்த்தோமே தவிர, கவனித்தோம் என்று சொல்ல முடியாது. கவனிக்கக் கற்றது மிகப் பிந்தித்தான்.

முதலில் பறவைகளின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்போம். 1861ஆம் ஆண்டு ஜேர்மனியின் பவேரியாவில், சுண்ணாம்புக் கற்களுக்கிடையில் ஓர் உயிரினத்தின் சுவடு கிடைத்தது. அதற்குச் சிறகு இருந்தது. கூடவே பல்லும், விரல்களில் நகமும், எலும்பாலான நீண்ட வாலும் இருந்தன. ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட அது, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இன்றைய பறவைகள் இரண்டு காலில் நடந்த ஒருவகை டைனோசர்களின் வழித்தோன்றல்கள் என்பது இப்போது விஞ்ஞானிகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு. நமது முற்றத்தில் கிளறித் திரியும் கோழியும் அந்தப் பரம்பரைதான்.

இதில் எங்களைத் தொட்ட ஒரு கதை உண்டு. ஏறக்குறைய எமது பாடசாலையின் வயதை ஒத்த கதை. 1923இல் மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில், முட்டைக் குவியல் ஒன்றின் அருகே ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. பிறர் முட்டையைத் திருட வந்து இறந்திருக்கும் என்று எண்ணி, அடுத்த ஆண்டு அதற்கு 'முட்டை திருடி' என்ற கருத்தில் ஓவிராப்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுமார் 70 ஆண்டுகள் அந்தப் பழி நீடித்தது. 1990களில் அதே பாலைவனத்தில், அதே வகை முட்டை ஒன்றினுள் இருந்த கருவை ஆராய்ந்தபோது அது அந்தக் குடும்பத்துக் குஞ்சு என்று தெரியவந்தது. முட்டைகளின் மேல் உட்கார்ந்து, முன்னங்கைகளை விரித்து அவற்றை மூடியபடியே புதைந்துபோன இன்னொரு எலும்புக்கூடும் கிடைத்தது. திருடி என்று பெயர் பெற்றது, உண்மையில் அடைகாத்த இனம். பறவைகள் வானில் பரவுவதற்கு முன்பே அடைகாக்கும் பழக்கம் தோன்றிவிட்டது என்பதற்கு அது சான்று.

கூடு என்றால் என்ன? நாம் அதைப் பறவையின் வீடு என்கிறோம். பெரும்பாலான பறவைகளுக்கு அது வீடு அன்று. முட்டையும் குஞ்சும் இருக்கும் சில வாரங்களுக்கான தொட்டில். குஞ்சு பறந்ததும் அங்கே எவரும் இருப்பதில்லை. அந்தச் சில வாரங்களைப் பாதுகாப்பாகக் கடக்க ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு வழியைக் கைக்கொண்டிருக்கிறது. நமது சுற்றாடலிலிருந்தே சில உதாரணங்களைச் சொல்கிறோம்.

ஆட்காட்டி கூடே கட்டுவதில்லை. வெட்டை நிலத்தில் சிறு பள்ளம் பறித்து, நான்கு முட்டை இடும். முட்டையின் மேலுள்ள கரும்புள்ளிகளால் மண்ணும் முட்டையும் வேறுபாடு தெரியாது. நாயோ ஆளோ கிட்டப் போனால் கத்திக் கலைக்கும். சில வேளை சிறகு முறிந்ததுபோல் நடித்து வேறு பக்கம் இழுத்துச் செல்லும். கடும் வெயிலில் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். பொரித்த குஞ்சு சில மணி நேரத்திலேயே எழுந்து ஓடும். ஒளிய இடமில்லாத வெளியில் பிறந்த பிள்ளைக்குக் கால்தான் காவல்.

கடற்கரையிலும் இதே முறையில் முட்டையிடும் ஒரு சின்ன உப்புக்கொத்தி உண்டு. வேறோர் இனத்தின் கிளை என்றே நெடுங்காலம் கருதப்பட்ட இதை, தனி இனம் என்று 2023இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தவரும் அந்த ஆய்வில் பங்குகொண்டிருந்தனர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் அதற்கு இப்போது அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். கைப்பிடிக்குள் அடங்கும் அந்தப் பறவையின் முட்டை மணலிலேயே கிடக்கும். கரையில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

தூக்கணாங்குருவியை எல்லோரும் அறிவீர்கள். கூட்டை நெய்வது ஆண். நெல்லோலை, புல், பனையோலை என்று நார் நாராகக் கிழித்து வந்து, தலைக்கவசம்போல் பாதி கட்டி நிறுத்திவிடும். பெண் வந்து பார்க்கும். பிடித்தால் மட்டுமே ஆண் மீதி வேலையை முடிக்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே தொங்க வேண்டியதுதான். முழுக் கூட்டுக்கும் 18 நாள் வரை செல்லும். கிணற்றுக்கு மேலே சாய்ந்த கிளையிலும் உயர்ந்த பனையிலும் தொங்கும் கூட்டுக்குப் பாம்பு இறங்குவது கடினம். காலபோக மழையோடு புல்லும் புழுவும் பெருகும் வேளையில் குஞ்சுகளுக்கு உணவுக்குக் குறைவிராது.

பனை உழவாரன் என்ற சிறு பறவை, தொங்கும் பனையோலையின் அடிப்புறத்தில் பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். காட்டுக்குள் வாழும் இருவாச்சியின் பெண், பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சிறு வெடிப்பை மட்டும் விடும். ஆண் அந்த வெடிப்பு வழியாகப் பழம் ஊட்டும். ஆகவே வயதான பெருமரம் இல்லாத காட்டில் இருவாச்சிக்குப் பிள்ளைப்பேறு இல்லை.

இனி, இந்த உரையின் தலைப்புக்கு வருகிறோம். பனங்காடையைக் கம்பியில் இருக்கும்போது பார்த்தால் மண்ணிறம், பறந்தால் நீலம். அதற்கு நெய்யத் தெரியாது. வைரமான மரத்தைக் குடையும் சொண்டும் அதற்கு இல்லை. உக்கிப்போன மரத்தின் பொந்தைத் தேடித்தான் முட்டையிடும். அந்த முட்டை தூய வெள்ளை. பொந்தின் இருட்டில் முட்டைக்கு நிறமும் புள்ளியும் தேவைப்படுவதில்லை. கிளியின் முட்டையும் ஆந்தையின் முட்டையும் அப்படியே வெள்ளை. ஆட்காட்டியின் புள்ளி முட்டையையும் பனங்காடையின் வெள்ளை முட்டையையும் ஒப்பிட்டாலே, இடம் எப்படி ஓர் இனத்தை வனைகிறது என்று விளங்கும்.

பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் செத்துவிடும். ஆனால் உடனே விழாது. உள்ளே சோறு உக்கிப்போகும். வெளியே வைரம் பல வருடம் நிற்கும். யுத்தத்தில் ஷெல் பட்டு வட்டிழந்த பனைகள் வன்னி எங்கும் நின்றதை நாம் மறக்கவில்லை. பங்கருக்காகத் தறிக்கப்பட்டவை வேறு. 2009க்குப் பின் திரும்பி வந்தபோது, வீடும் வேலியும் இல்லாத வளவுகளை அந்த மொட்டைப் பனைகளை வைத்தே அடையாளம் கண்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

எமது பாடசாலை மைதானத்தின் பின்பக்கம் அப்படி ஏழு மொட்டைப் பனைகள். நூற்றாண்டு மதில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. தறிக்க நாளும் குறித்தாயிற்று. அதற்கு முதல் வாரம் எட்டாம் தரத்துப் பிள்ளைகள் சிலர் எங்களிடம் வந்து, "அக்கா, அந்தப் பனைக்குள்ள குஞ்சு கத்துது" என்றார்கள். போய் நின்று பார்த்தோம். ஒரு மரத்தில் பனங்காடை; இரண்டு மரங்களில் கிளிகள்; ஒன்றில் மைனா. வெட்டுக்கிளியைச் சொண்டில் கவ்வியபடி பனங்காடை வந்து வந்து போனது. இத்தனை காலம் அந்த வழியால் போனவர்கள் நாங்கள், கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்.

செயற்குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. காசு கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார்கள். உக்கிய மரம் பிள்ளைகள் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. எங்களுள் ஒருவர், யுத்தத்தில் பெரும் இழப்பைச் சந்தித்தவர், "எனக்கு அந்த மரங்களைப் பார்க்க ஏலாது. அதுகள் போகட்டும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. குருவி குடியிருக்கிறது என்பதற்காக ஷெல்லடித்த மரம் அழகாகிவிடாது.

கடைசியில் எடுத்த முடிவு இதுதான். குஞ்சுகள் பறக்கும் வரை எந்த மரத்திலும் கை வைப்பதில்லை. அதன் பின், நடைபாதைப் பக்கம் சாய்ந்து நிற்கும் இரண்டை மட்டும் தறிப்பது. மற்ற ஐந்தையும் சுற்றி, அவை விழக்கூடிய தூரத்தை விட்டு வேலி அடைப்பது. மதிலை உள்ளே வளைத்துக் கட்டுவது. வருடத்தின் முதல் அரையாண்டில் அந்தப் பக்கம் எந்த வேலையும் செய்வதில்லை.

அந்த ஐந்தும் என்றைக்கோ ஒருநாள் விழும். அதனால் மாரி தொடங்கியதும் எல்லையோரமாகப் பிள்ளைகளோடு சேர்ந்து பனங்கொட்டை நட்டோம். வடலி வளர்ந்து மரமாகிக் காய்க்க 15, 20 வருடம் செல்லும். அது பொந்து மரமாக ஆவதைப் பார்க்க எங்களில் எவரும் இருக்கப்போவதில்லை. நட்ட கொட்டைகளில் ஒரு சாக்கு, அன்று கூட்டத்தில் மறுத்துப் பேசிய அந்தச் சகோதரியின் வளவிலிருந்து வந்தது. அவர் இன்னமும் மைதானத்தின் பின்பக்கம் வருவதில்லை. நாங்களும் வற்புறுத்துவதில்லை.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஊரில் உங்கள் வளவைத் துப்புரவாக்க ஆள் பிடிக்கும்போது, ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட பனை ஒன்றையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். தறித்தே ஆக வேண்டுமென்றால், முதலில் நின்று பார்த்து, குஞ்சு இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். கூடவே பத்துப் பனங்கொட்டை நட ஒழுங்கு செய்யுங்கள்.

இனி, நாங்கள் வாக்களித்த மதில் கணக்கு. வளைத்துக் கட்டியதால் செலவு திட்டத்தைவிடக் கூடிவிட்டது. கணக்கறிக்கை பொருளாளரிடம் இருக்கிறது. எவரும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை பாடசாலைக்கு வரும்போது, நேராகப் போகும் மதில் ஓரிடத்தில் மட்டும் வளைந்திருப்பதைக் காண்பீர்கள். மேசன் பிழை விட்டுவிட்டான் என்று நினைக்க வேண்டாம். ஏன் வளைந்தது என்று எட்டாம் தரத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள்.