கை சுகமான பிறகு கூலி எங்கே?

(தரங்கம்பாடியில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில், மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



அலங்கார வாசலண்டையில் பிச்சை கேட்ட சப்பாணி எழுந்து நடந்த கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரம், அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் என்கிறது. பிறவியிலேயே நடக்காதவன், தொழில் கற்க வழியிருந்திருக்காது. கால் சுகமான நாளிலேயே பிச்சையும் நின்றிருக்கும். மறுநாள் அவன் எப்படிப் பிழைத்திருப்பான்?

இதே கேள்வி வேலூரிலும் எழுந்தது. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940-களின் பிற்பகுதியில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நிமிர்ந்து ஊருக்குப் போன சிலர் மனம் சோர்ந்து திரும்பினார்கள். கோணல் கைக்கு இரங்கிக் காசு போட்டவர்கள், நல்ல கைக்குப் போடவில்லை. நோயின் பெயருக்குப் பயந்து வேலையும் யாரும் கொடுக்கவில்லை. ஆகவே நவஜீவ நிலையம் உண்டாயிற்று. தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சியற்ற கை, கருவியின் பிடி உரசிப் புண்ணாவதை அறியாது. ஆகையால் தொழிலோடு கையைக் காக்கவும் பழக்கவேண்டியிருந்தது.

நம் காவிரிப் பகுதியிலும் இதுவே நிலைமை. கூட்டு மருந்து தொழுநோயைக் குணமாக்குகிறது. ஆனால் நெடுநாள் மரத்துப்போன கைகாலுக்கு உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. நடவு வயலின் சேற்றில் நத்தை ஓடு கிழித்தாலும், அரிவாள் பிடி தேய்த்தாலும் தெரியாது. கூலிக்குப் போய்ப் புண்ணோடு திரும்புகிறவர் அடுத்த வாரம் வேலைக்குப் போக முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகையை, 2023 ஜனவரி முதல், தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தியது. இதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் உதவித்தொகையை நிறுத்தினால் தானாக உழைப்பார்கள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. நெதர்லாந்து நாட்டில் 1993-ல் விதிகளைக் கடுமையாக்கிப் பலருக்குத் தொகையைக் குறைத்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, இழந்த ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக 62 அவர்கள் சம்பாத்தியமாகத் திரும்பியது. சுமார் 30 வேறு அரசு உதவிகளிலிருந்து வந்தது. நாம் நினைப்பதைவிட அதிகமானோர் உழைக்க வல்லவர்கள் என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் வேலைவாய்ப்பு மிகுந்த செல்வ நாட்டிலேயே கூலி மட்டும் இழப்பை ஈடுசெய்யவில்லை. இங்கே தாங்க யார் உண்டு?

ஆகவே அன்பானவர்களே, நோயாளி வீடு திரும்பும் நாளோடு உங்கள் காணிக்கையின் வேலை முடிவதில்லை. பாதம் காக்கும் ரப்பர் செருப்பு, தடித்த பிடி வைத்த கருவி, ஒரு தையல் இயந்திரம், தொழில் பழகும் மாதங்களுக்கு அரிசி: முதல் கூலி கைக்கு வரும்வரை இவை வேண்டும். கடையோ வயலோ வைத்திருக்கிறவர்கள், சுகமான ஒருவரை அழைத்து வேலை கொடுங்கள். ஊராரின் பயம் நீங்க அதைப்போல உதவுவது வேறில்லை.

1706-ல் இந்தக் கரையில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், பிரசங்கத்தோடு நிற்காமல் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் உண்டாக்கினார். நாமும் மருந்தோடு நிற்காமலிருக்க உங்கள் ஜெபத்தையும் உதவியையும் தாழ்மையுடன் கேட்கிறோம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.