மேடைக்குத் திரும்பும் வழி



தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நாடகம் போட்ட காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பகலில் பால்மரம் வெட்டியவர் இரவில் அரிச்சந்திரனாக மேடையேறுவார். “கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கூச்சம் போகும், குரல் எழும்பும்” என்று திரைக்குப் பின்னால் சிலர் சொல்வதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. மது தொண்டையை வறட்டும், வசனத்தை மறக்கடிக்கும், தாளத்தைத் தவறவைக்கும். பழக்கம் முற்றிவிட்டால், குடிக்காமலும் மேடையேற முடியாது, குடித்தும் ஏற முடியாது.

தமிழ் நாடக மேடையில் இதற்கு ஒரு வேதனையான உதாரணம் உண்டு. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலைக் கேட்க மக்கள் திரண்டு வந்தார்கள். குடிப்பழக்கம் அவர் உடலைக் கெடுத்தது. 1933 டிசம்பரில் 27 வயதிலேயே அவர் காலமானார். அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாள் இளம் வயதிலேயே வெள்ளைச் சேலை உடுத்தினார்.

குடியில் விழுந்தவர் எல்லோருக்கும் இதுதான் முடிவா? இல்லை. வேல்ஸ் நாட்டில் இரும்பாலைத் தொழிலாளர் நிறைந்த போர்ட் டால்பட் என்னும் ஊரில், ரொட்டி சுடுபவரின் மகனாகப் பிறந்தவர் அந்தோணி ஹாப்கின்ஸ். லண்டன் தேசிய நாடக அரங்கில் பெயர் எடுத்தவர். குடியும் கோபமுமாக இருந்த அவர், 1973இல் அந்த அரங்கை விட்டுப் பாதியில் வெளியேறினார். அமெரிக்கா சென்றும் குடி விடவில்லை. நினைவே இல்லாமல் கார் ஓட்டியதாகவும், யாரையாவது கொன்றிருக்கக்கூடும் என்று பயந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 1975 டிசம்பர் 29ஆம் தேதி, 38 வயது நிறைய இரண்டே நாள் இருந்தபோது, “எனக்கு உதவி வேண்டும்” என்று கேட்டார். அன்று விட்டதுதான். 1985இல் தாம் விட்டு ஓடிய அதே அரங்கிற்குத் திரும்பினார். மறு ஆண்டு லியர் மன்னனாக நடித்தார். 2021இல், 83ஆம் வயதில், இரண்டாம் முறையாக ஆஸ்கார் விருது பெற்றார்.

அவர் செய்த முதல் காரியம் உதவி கேட்டது. நம்மவர்கள் அதற்குத்தான் வெட்கப்படுகிறார்கள். சுங்கை பூலோவை எண்ணிப் பாருங்கள். தொழுநோயாளிகளுக்காக அங்கே 1930இல் ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. தொழுநோயைச் சாபம் என்று ஊரார் ஒதுக்கிய காலம் அது. பிறகு மருந்து வந்தது. அதுவும் குணமாகும் நோயே என்று தெரிந்தது. குடிக்கு அடிமையாவதும் நோய்தான். அதற்கும் சிகிச்சை உண்டு.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாகத் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாகவே நிறுத்தக்கூடாது. ஓரிரு நாளில் கை நடுங்கும்; வலிப்பு வரலாம்; சித்தம் கலங்கலாம்; உயிருக்கே ஆபத்து நேரலாம். முதலில் அரசாங்க கிளினிக்கிற்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் மருந்து கொடுத்துப் படிப்படியாகத் தெளியவைப்பார். அதன்பின், குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டங்கள் துணை நிற்கும். அமெரிக்காவில் 1935இல் இத்தகைய கூட்டத்தைத் தொடங்கிய இருவருமே குடிநோயாளிகள். அவர்களில் ஒருவர் டாக்டர்.

தாய்மார்களே, போதையில் இருப்பவரிடம் வாதாடாதீர்கள். காலையில் தெளிந்தபின் பேசுங்கள். குடிக்கக் காசு கொடுக்காதீர்கள். சம்சுக் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். அவர் அடிக்க வந்தால் பிள்ளைகளுடன் பாதுகாப்பான இடத்திற்குப் போய்விடுங்கள்.

தெளிந்தவர் மீண்டும் நடிக்க விரும்பினால் தடுக்க வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம். முதலில் ஒத்திகைக்கு வரட்டும், சின்ன வேடம் கட்டட்டும். வேடம் போடும் இடத்தில் போத்தல் இருக்கக்கூடாது என்று குழுவினர் கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆபத்தான நேரம் நாடகம் முடிந்த பிறகுதான். மாலை விழும், நண்பர்கள் கூப்பிடுவார்கள். அப்போது வீட்டார் ஒருவர் கூடவே இருந்து அழைத்து வாருங்கள். ஒருமுறை தவறிவிட்டாலும் எல்லாம் போயிற்று என்று கைவிடாமல், மறுநாளே டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

ஹாப்கின்ஸ் பழைய அரங்கிற்குத் திரும்பப் பத்து ஆண்டு ஆயிற்று. உங்கள் வீட்டு ராஜபார்ட்டுக்கும் கொஞ்சம் காலம் கொடுங்கள்.